தாகேதாவில் சொல்லக்கூடாத சொல்

ரங்கூன், நவம்பர் 2004. காலை எட்டேகாலுக்குச் சூலே பகோடா அருகிலுள்ள விடுதியிலிருந்து கிளம்பினேன். வெளிநாட்டுக்காரன் உறவினர் வீட்டில் இரவு தங்கக் கூடாதாம். ஆகவே நாளொன்றுக்குப் பன்னிரண்டு டாலர் அழுகிறேன். அக்கா வீடு இருக்கும் தாகேதாவுக்கு இரண்டாயிரம் கியாட் கேட்ட டாக்சிக்காரர் ஆயிரத்தைந்நூறுக்கு இறங்கினார். பசுண்டாங் கால்வாய்ப் பாலம் வந்ததும், கதவைப் பிடித்துக்கொள்ளும்படி சைகை காட்டினார். மீதித் தூரமும் பிடித்துக்கொண்டே போனேன். தோள் வலி இன்னும் போகவில்லை.

செல்லம்மாக்கா என் பெரியப்பா மகள். அறுபத்து நான்கில் நாங்களெல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இங்கேயே தங்கிவிட்டவர். வயது எழுபத்தாறு, இப்போது தனிக்கட்டை. அமெரிக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் மகன் குமார் அவரைக் கையோடு அழைத்துப்போக வந்திருந்தான். அக்காவின் கடவுச்சீட்டுக்கு வார்டுத் தலைவர் கையெழுத்து வேண்டும். மூன்று வாரமாக அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு மீன்சாற்று மொஹிங்கா சாப்பிடும்போது குமார் ஆரம்பித்தான். துப்பாக்கி மேகசினில் பத்து ரவைக்கு மேல் கூடாதென்று அங்கே இருந்த சட்டம் செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சிலர் துடிக்கிறார்களாம்.

"ரெண்டு திருடனுங்க கடைக்குள்ள வந்தானுங்க, மாமா. போலீஸ் வர இருபது நிமிஷம். பத்து எந்த மூலைக்கு?"

"நீ சுட்டியா?" என்றார் அக்கா.

"இல்ல அமே. காட்டினேன், ஓடிட்டானுங்க." அம்மாவை அவன் பர்மிய வழக்கில் அமே என்றுதான் கூப்பிடுவான்.

"அப்ப ஒண்ணுகூடச் செலவாகல. பத்துமே மிச்சம்தானே?"

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்பத்தெட்டுப் போராட்டத்துல இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒரு தெனாட் இருந்திருந்தா பட்டாளம் சுட்டிருக்குமா?"

அக்கா எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். துப்பாக்கிக்குத் தமிழ்ச்சொல் அவன் வாயில் வருவதில்லை. பர்மியச் சொல்லான 'தெனாட்'தான் வருகிறது. அண்டை வீட்டாருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் நன்றாகத் தெரியும்.

"துப்பாக்கின்னு சொல்லித் தொலைடா! நம்மகிட்ட அது இருந்திருந்தா அவங்க பீரங்கி கொண்டாந்திருப்பாங்க."

"வச்சுக்கறது நம்ம உரிமை, அமே! தெனாட் இல்லாதவன்..."

அந்தச் சொல்லை ஆறு முறை சொன்னான்.

பதினொன்றரைக்கு வார்டுத் தலைவர் வந்தார், சிரித்த முகத்தோடு. அக்கா தேநீர் வைத்தார். பர்மியத்தில் அவர் கேட்டதை அக்கா எனக்குப் பிற்பாடு சொன்னார்: "மகனே, யாரிடம் தெனாட் இருக்கிறது?"

குமார் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "சினிமாக் கதை, ஐயா" என்றானாம்.

தலைவர் எங்கள் இருவர் கடவுச்சீட்டுகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் விடுதியின் பெயரைக் கேட்டுக்கொண்டார். அம்மாவின் காகிதத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும், இரண்டு மாதம் ஆகலாம் என்று சொல்லிவிட்டு, தேநீரை மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போனார். குமாருக்கு ஒன்பதாம் நாள் விமானம்.

"அவரு கையில ஒரு கம்புகூட இல்லையே, அமே" என்றான் குமார்.

"கையெழுத்துப் போடுறவனுக்கு அது எதுக்குடா?"

நாலு மணிக்கு நான் புறப்பட்டபோது அக்கா தெருமுனைவரை வந்தார். "எனக்கே அமெரிக்கா போக இஷ்டமில்லன்னு அவன்கிட்ட சொல்லிடு, தம்பி. இல்லாட்டி தன்னாலதான்னு காலம்பூரா குமைவான்."

திரும்பும் வழி முழுதும் அலுப்பு. திருச்சியில் நாங்கள் ரேஷன் கடையிலிருந்து ராஜாங்கம்வரை எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்று திட்டுகிறோம். காதுகொடுத்துக் கேட்க ஒரு ஆளில்லையே என்பதுதான் இத்தனை வருஷமாக என் குறை.