சாரல் மாதங்களில் சாத்திய ஜன்னல்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும், படத்தைப் பார்த்ததும் மூடிவிடாமல் கடைசி வரி வரை படிக்கும்படி தங்கை கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் கடையத்தில் பிறந்தவர். அப்பா தவறியபோது பத்தாம் வகுப்பு. அதோடு படிப்பு நின்றது. என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். தென்காசியில் பீங்கான் வேலை பழகி, குற்றாலம் சாலையில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டார். பூந்தொட்டிகள், ஜாடிகள், லாட்ஜுகளுக்குக் கோப்பைகள். ஒருமுறை சுட்ட பாண்டத்தின் மேல் பளபளப்புக்கான கிளேஸ் குழம்பை ஸ்பிரே கன்னால் அண்ணன் அடிப்பார். பாண்டம் இருக்கும் வட்டப் பலகையை நான் மெல்லச் சுற்றிவிடுவேன். ஒரு சொட்டு வழிந்தாலும் முழுவதையும் கழுவிவிட்டு மறுபடி அடிப்பார். மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் எல்லாம் தன் கை மேல்தான். கூட வேலை பார்த்த நால்வரையும் ஒரு சொல் கடிந்ததில்லை. புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வந்தால், இன்று எந்த ஊரில் நாடகம் என்று மதினி கேலி செய்வார்கள். எல்லோரும் சிரிப்போம்.

ஊரெல்லாம் நல்ல காற்று வாங்கக் குற்றாலம் வரும் சாரல் மாதங்களில்தான் நாங்கள் கெட்டோம். ஈரத்தில் பூச்சு காயாது, வழியும்.

“ஏட்டி, ஃபேன நிறுத்து. ஈரக்காத்த உள்ள இழுக்குது. ஜன்னலயும் சாத்து” என்பார்.

சாத்துவேன். மூக்கில் ஈரத்துண்டு கட்டினால் போதும் என்று நினைத்தோம். அறைக்குள் வெண்புகை கலையாமல் நிற்கும். அது சூளையில் கண்ணாடியாக உருக வேண்டிய கல்மாவு என்பது எங்களுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. இருமல் வந்தபோது, ஐந்தருவியில் நின்றால் சளி கரைந்துவிடும் என்று அண்ணன் நம்பினார். நானும்தான். மூன்று சாரல் அப்படியே போயிற்று.

பிறகு அருவி வரை நடக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்கே மூச்சு வாங்கியது. உட்கார்ந்தபடியே தூங்கினார். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறது என்றார். என் பக்கம் திரும்பினார்.

“அவர் ஸ்பிரே அடிக்கும்போது நீங்க எங்கம்மா நிப்பீங்க?”

“பக்கத்துலதான். தொட்டியச் சுத்திவிட்டுக்கிட்டு நிப்பேன்” என்றேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அன்று முதல் என்னைப் பார்த்தாலே அழுதார்.

மருந்தும் ஆக்சிஜன் சிலிண்டருமாக அலைந்த மதினிக்கும், அண்ணனை மாடிக்குத் தூக்கி ஏற்றிய அண்டை வீட்டாருக்கும், கடைசிவரை உடன் நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த அறையில் எங்களோடு நின்ற நால்வருக்கு நன்றி மட்டும் போதாது. போன வாரம் நானும் நெஞ்சுப் படம் எடுத்தேன். அண்ணனுக்கு முதலில் தெரிந்த அதே வெள்ளைப் புள்ளிகள் எனக்கும் இருக்கின்றன. நீங்களும் தாமதிக்காமல் எடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.