முன்வரிசையில் அழுத நண்பன்

பட்டாபிராமில் எங்கள் இடதுசாரித் தொழிலாளர் சங்கம் மாதம் ஒரு படம் திரையிடும். படத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. போன வருடம், கியூபாவை விட்டு வெளியேறிய இயக்குநர் ஒருவரின் படத்தைப் போட்டேன். அந்தப் படத்தில், அரசை விமர்சித்துச் சிறைக்குப் போன ஒரு கவிஞன், பிறகு அந்நிய ஊர் ஓட்டலில் தட்டு கழுவுகிறான். அவனைக் காட்டிக்கொடுத்தவன் அவனோடு ஒன்றாகப் படித்த நண்பன்.

முன்வரிசையில் இருந்த சேகர் தேம்பி அழுதான். பதினைந்து வருடமாக நாங்கள் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். வெளியே வந்ததும் அவனிடம் மட்டும் சொன்னேன்: "நாம தலமேல வெச்சிகினு ஆடின நாட்லயே இவ்ளோ கொடும நடந்துகீது. நம்ம தலைவருங்க வாயே தொறக்கலியே மச்சான்."

அடுத்த வாரக் கூட்டத்தில் என்மீது வந்த புகாரை வாசித்தார்கள். நான் சொன்னது அப்படியே இருந்தது. சொல்லாததும் நாலு வரி இருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன், சேகரின் கையெழுத்து. என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கக் கை தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

வாசலில் அவனை மறித்தேன். "ஏன்டா இப்டி பண்ண?"

"எய்திக் குடுன்னு சங்கத்துல கேட்டாங்க மச்சான். நா எய்தலன்னா வேற எவனாச்சும் எய்திக் குடுத்திருப்பான்."

"அன்னிக்கு அப்டி அழுதியே?"

"படம் நல்லாத்தான இருந்துச்சு" என்றான்.

அவன்மேல் இருந்த கோபம் மெல்லத் தணிந்துவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் ரயிலில் யாராவது நாட்டு நடப்பைப் பற்றிக் கேட்டால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். முன்பு எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.