அம்மாவை விட்டுவிட்டு ஏறிய வீடு

என்னோடு வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டின்போது வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தால் போதும் என்பார் ஒருவர். சமையலறையைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். ராயபுரத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதை எப்போது திருத்த வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததே கிடையாது. சுவரின் நாளைக் கடல்காற்று குறித்தது. தரையின் நாளை ரோடு குறித்தது.

சுவருக்கு வருஷா வருஷம் டிசம்பர். மழை விட்டதும் சுவரில் உப்பு பூக்கும். விரலால் தொட்டால் மாவு போல உதிரும். நான் சிறுமியாக இருந்தபோது துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவார்கள். காலையில் துடைத்த ஜன்னல் கட்டை மதியம் கறுத்துக் கிடக்கும். கிறிஸ்துமஸ் வருகிறது, சொந்தக்காரர்கள் வருவார்கள், கலீஜான சுவரைக் காட்ட அம்மாவுக்கு மனம் வராது. அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் வெள்ளையடிப்பு, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு கலரில். ஏன் இப்படி என்று கேட்டால் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்.

"அதே கலரு அடிச்சா அடிச்சதே தெரியாதே. அப்பறம் இன்னாத்துக்கு அடிக்கணும்?"



அடிப்பது நைனா. எங்கள் தெருவில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஊரிலேயே உயரமான மனிதர் என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். பிறகு பார்த்தவர்களை வைத்துச் சொன்னாலும் அது ரொம்பத் தவறான நம்பிக்கை இல்லை. ஒரு முக்காலி போட்டு ஏறினால் கூரை வரை அவர் கை போகும். ஏணி வாங்கிய செலவு எங்கள் வீட்டில் கிடையாது.

தரையின் கதைதான் பேஜாரு. எங்கள் தெருவில் ரோடு போடுவது என்றால் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாசலில் இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போவோம். ஒரு ரோடு வந்தது, ஒரு படி காணாமல் போனது. அடுத்த ரோட்டுக்கு இன்னொரு படியும் போனது. அதற்கடுத்த ரோட்டுக்கு வீட்டுக்குள் இறங்க வேண்டியதாயிற்று. மழை பெய்தால் சாக்கடையும் சேர்ந்து அழையாத விருந்தாளியாகக் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். வேறு வழியில்லாமல் உள்ளே கட்டட இடிபாட்டைக் கொட்டி, மிதித்து, அதன்மேல் புதுத் தரை போட்டோம். முதலில் இருந்தது சிவப்பு சிமெண்ட். அதன்மேல் மொசைக் வந்தது. மொசைக்மேல் டைல்ஸ் வந்தது. அந்த டைல்ஸ்மேல் இன்னொரு டைல்ஸ் வந்தது. மூன்று முறை ஏற்றியதில் தரை முழங்கால் உயரம் வந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் தரை காய்ந்ததும் கதவு திறக்காது, அடி இடிக்கும். தச்சர் வந்து கதவைக் கழற்றி, அடியில் ஒரு துண்டு அறுத்து எடுத்துவிட்டு மாட்டிக்கொடுப்பார். எங்கள் தெருவில் அடி அறுக்காத கதவே இருக்காது. அறுத்த துண்டுகளை அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிடுவாள். கதவை அறுக்கலாம், மின்விசிறியின் கம்பியையும் அறுக்கலாம். நைனாவை அறுக்க முடியாது. தரைதான் ஏறியதே தவிர, கதவு நிலையின் மேல்கட்டையும் கூரையும் இருந்த இடத்திலேயே இருந்தன.

எனவே அவர் குனிய ஆரம்பித்தார். முதல் தரைக்குக் கழுத்தை மட்டும் சாய்த்தார். இரண்டாவதுக்குத் தோளையும் இறக்கினார். மூன்றாவது தரை போட்ட பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் நிலையில் மண்டையை மோதி, நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து வீட்டுக்குள்ளும் குனிந்தே நடந்தார். கிரேன் கேபினில் உட்கார்ந்து ஆயுசு முழுவதும் கீழே பார்த்த மனிதர், ஓய்வுக்குப் பிறகும் தரையைப் பார்த்தபடியே நடந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ரோடு எங்கே காது கொடுத்துக் கேட்கப்போகிறது?

போன வருஷம் மறுபடி ரோடு வந்தது. அந்த மழைக்கே தண்ணீரும் வந்தது. இன்னொரு தரை போட்டால் நைனா தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். எதிர்வீட்டில் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார்கள். நான் திருவொற்றியூரில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு இருவரையும் கூப்பிட்டேன். மூன்றாவது மாடி, தண்ணீர் வராது, நிலை உயரம். நைனா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"மூணாவது மாடில என்னைய வச்சா, தெருவுல போறவன் எவன் என்னாண்ட நின்னு பேசுவான்? நான் இங்கயே கீறேன். குனிஞ்சி கீறேன், ஆனா கீறேன்."

அம்மா அதற்கு மேலே யோசித்திருந்தாள். போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஜாக்கி வைத்து ஒரு வீட்டை அப்படியே தூக்குகிறார்கள். காரின் டயர் மாற்ற வைப்போமே, அதே ஜாக்கி, கொஞ்சம் பெரியது. சுவருக்கு அடியில் வரிசையாக வைத்து எல்லோரும் ஒன்றாகத் திருகினால் வீடு ஏறுகிறது. எங்கள் பேட்டையிலேயே இரண்டு வீட்டை இப்படித் தூக்கிவிட்டார்களாம்.

நைனா வீடியோவை முழுக்கப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பாரம் என்றால் என்னவென்று தெரிந்தவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

"மேலேர்ந்து தூக்குறது எனக்குத் தெரியும்மே. கீழேர்ந்து தூக்குறது இன்னா வேலை? கொக்கி இல்ல, கயிறு இல்ல. சரக்கு ஒரு பக்கம் சாஞ்சா எவன் புடிப்பான்?"

நான் தெரிந்த இன்ஜினியர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், உப்பு அரித்த செங்கலைச் சுரண்டிப் பார்த்தார். தூக்கலாம் என்றார். ஆனால் வீடு பழையது, பாதியில் சுவர் பெரிதாக வெடித்தால் இடிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது என்றும் சொன்னார். அதாவது வீடு ஏறினால் நைனா நிமிர்வார். வெடித்தால் இருவரும் என் மூன்றாவது மாடிக்கு வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். அன்று இரவு நான் சுவர் சுவராகப் போய் விரிசல் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் ஒன்றும் நடக்காதது போல, வீடு ஏறிய பிறகு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் வந்தார்கள், எல்லோரும் வடக்கத்திப் பையன்கள். அவர்களுடைய மேஸ்திரிக்கு எண்ணத் தெரிந்த அளவு தமிழ் தெரியும். சுவர் ஓரமாக உள்ளேயும் வெளியேயும் பள்ளம் தோண்டினார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, ஜாக்கிகளைச் சொருகிக்கொண்டே போனார்கள். கடைசியில் என் பிறந்த வீடு மண்ணைத் தொடாமல் ஜாக்கிகளின் மேல் நின்றது. குனிந்து பார்த்தால் சுவருக்கு அடியில் அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது. 

தூக்கும் நாள் காலையில் சாமான்களை எல்லாம் கூடத்தின் நடுவில் குவித்தாயிற்று. ஒன்றுக்கு மட்டும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சுவரில் பதித்த பீடத்தில் மாதா சுரூபம் இருக்கிறது. அதை இறக்கக்கூடாது என்றாள். அதற்கு மேல், தானும் வெளியே வர மாட்டேன் என்றாள்.

"இன்னாம்மா வெளாட்றியா?" என்றேன்.

"வூடு மேல போகசொல்ல வூட்டுக்காரி கீழ நிக்கறதா? நானும் மாதாவும் வூட்டோட போறோம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். நைனா, இது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பது போல வானத்தைப் பார்த்தார். அம்மா சாமான்களை ஒட்டி, பீடத்துக்கு நேராக, கையில் ஜெபமாலையோடு நின்றுகொண்டாள்.

விசில் ஊதினார்கள். ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஓர் ஆள். எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திருகி நிறுத்தினார்கள். மறுபடி விசில், மறுபடி ஒரு திருகு. எதுவும் நடக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரோடு எங்கள் ஜன்னலை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜன்னல் ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. கூரை, பரண், நான் பரீட்சைக்குப் படித்த மூலை, மின்விசிறி, நைனாவின் தலையைப் பிளந்த அந்த நிலை, எல்லாம் ஒன்றாக, ஒரு முனகல்கூட இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. எப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் மீன் வண்டிக்காரர்கூட வண்டியை அணைத்துவிட்டு நின்றார்.

அப்போதுதான் நைனாவைக் கவனித்தேன். வலது கை உயர்ந்திருந்தது. ஆள்காட்டி விரல் மேல்நோக்கி மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் கீழே நிற்பவர் கிரேன்காரருக்குக் காட்டும் சைகை அது. தூக்கு என்று அர்த்தம். வேலை பார்த்த காலமெல்லாம் அந்த விரலைப் பார்த்து அவர் தூக்கினார். இப்போது அவருடைய விரல் சுற்றியது. பின்பக்க மூலை ஒன்று கொஞ்சம் பின்தங்கியதோ என்னவோ, சட்டென்று உள்ளங்கையைக் கவிழ்த்து நிறுத்து என்று காட்டினார். மேஸ்திரியும் அதே நேரம் விசிலை ஊதி நிறுத்திவிட்டு, அந்த மூலைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது நைனாவைப் பார்த்துத் தலையசைத்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் மேஸ்திரி ஒரு கண்ணை அந்த விரல்மேல் வைத்திருந்தார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அடியே, இங்க வா. வந்து பாரு இத."

பயந்துபோய், பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த பலகை வழியாக உள்ளே ஓடினேன். அம்மா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருந்தது. சுவர் ஏறும், கூரை ஏறும், தரை ஏறாது. வீட்டோடு போகிறேன் என்று நின்றவளை மண்ணிலேயே விட்டுவிட்டு வீடு போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேராக இருந்த மாதா இப்போது அவள் தலைக்கு மேலே இருந்தாள். அம்மா அண்ணாந்து பார்த்தபடி அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

"நம்மள வுட்டுட்டு எழுந்தருளிட்டாங்கடி," என்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் கை தானாக நெற்றிக்குப் போனது. கோயிலுக்குப் போய் ரொம்ப நாளானவள் நான்.

நாட்கள் போகப் போக வீடு ஏறியது. ஏறிய அளவுக்கு அடியில் செங்கல் கட்டினார்கள். சுவரில் மயிரிழை விரிசல்கள் விழுந்தன. பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. ஒருநாள் அம்மா ஈரத்துணியோடு உட்கார்ந்து, இத்தனை காலம் தரைக்குள் புதைந்திருந்த சுவரின் அடிப்பகுதியைத் துடைத்தாள். சேறு போனதும் மூன்று பட்டைகள் தெரிந்தன. மேலே பிஸ்தா பச்சை, நடுவில் ரோஸ், எல்லாவற்றுக்கும் கீழே நீலம். ஒவ்வொரு தரையும் அது போட்ட வருஷத்தின் கலரை அப்படியே மூடி வைத்திருந்தது. நீலத்தின்மேல் என் உள்ளங்கை படும்வரை, நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் சுவர் இன்னும் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அம்மாவுக்கு ஒவ்வொரு கலரும் நினைவிருந்தது. எந்தக் கலருக்கு யார் வந்தார்கள், யார் வராமல் கோபித்துக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள்.

உள்ளே மண் நிரப்பி, நிலைக்கும் தரைக்கும் முதன்முதலில் இருந்த அதே உயரம் வரும்படி தரை போட்டு, கதவுகளை மாட்டினோம். அப்போதுதான் எங்கள் கைவரிசை தெரிந்தது. அறுத்து அறுத்து எடுத்த கதவுகள் அரைக்கால் சட்டை போட்டது போலத் தொங்கின. பூனை குனியாமலே உள்ளே வந்தது. அறுத்த துண்டுகள் எங்கே என்று தச்சர் கேட்டார். அம்மா வெந்நீர் அடுப்பைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

வாசலுக்கு மறுபடி படிகள் வந்தன, முன்பைவிட அதிகமாகவே. பெயிண்ட் காயாத அந்த டிசம்பர் சாயங்காலம் நைனா வெளியே போய்விட்டுத் திரும்பினார். படி ஏறினார். நிலைக்கு முன்னால் வந்ததும் கழுத்தைச் சாய்த்து, தோளை இறக்கி, எப்போதும்போல மடிந்து உள்ளே நுழைந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு முழத்துக்கும் அதிகமாக இடம் காலியாகக் கிடந்தது. கூடத்தில் இருந்து நானும் அம்மாவும் அந்த இடத்தையே பார்த்தோம்.

அம்மாதான் சொன்னாள். "யோவ், வூடே எய்ந்துகினுச்சு. நீ இன்னும் எய்ந்துக்கல."

 நைனா திரும்பி, குனிந்தபடியே வெளியே போனார். படியில் நின்று முதுகை நிமிர்த்தினார். நிலை எங்கே இருக்கிறது என்று தேடுவது போல வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, என் சின்ன வயதில் பார்த்த உயரத்தோடு உள்ளே வந்தார்.