லினக்ஸில் வராத சத்தம்

கம்ப்யூட்டரில் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறிய புதிதில், அறந்தாங்கிப் பக்கம் எடுத்த காதுகுத்து வீடியோவை எடிட் செய்தேன். லினக்ஸுக்கு ஒத்துவர வேண்டுமென்று படத்தை வேறு கோடெக்குக்கு, அதாவது வேறு பதிவு முறைக்கு மாற்றிவிட்டு, ஒலியை மாற்ற மறந்துவிட்டேன். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து நாதஸ்வரத்தைப் போட்டு ஒப்பேற்றினேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நான் பந்திக்குப் போயிருந்த நேரத்தில், தாய்மாமன்கள் இருவரும் கையை வீசி ஆடியிருந்தார்கள். அதற்குத் தவிலையே ஏற்றிவிட்டேன்.

வீட்டில் போட்டுக் காட்டியபோது குழந்தையின் அம்மா என் காதருகே குனிந்தார். "தம்பி, அது ஆட்டமில்லங்க. பிள்ளைய யாரு மடியில வைக்கிறதுன்னு அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்ட. அன்னையிலேருந்து ரெண்டு பேரும் பேசுறதில்ல."

எதிரெதிர் மூலையில் இருந்த இருவரும் திரையையே முறைத்தார்கள்.

"ஒன்னைய விட நான் நல்லா ஆடிருக்கேன்டா" என்றார் மூத்தவர்.

"வேட்டி அவுந்தது தெரியாம ஆடுறீங்கண்ணே" என்றார் இளையவர். வீடே சிரித்தது.

மறுநாளே ஒலிக்கும் சரியான கோடெக்கைப் பிடித்துவிட்டேன். ஒவ்வொரு வசவும் தெளிவாகக் கேட்டது. மூத்தவர் போன் செய்தார்: "தம்பி, சத்தத்தோட ஒரு காப்பி கெடைக்குங்களா?"

"லினக்ஸ்ல அது வராதுண்ணே" என்றேன்.

நான் செய்த தவறுகளில் திருத்தத் தெரிந்தும் திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.