பத்திரமாக எடுத்தது

பட்டறையில் அவனை நரம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குத் தூண்டில் நரம்பு வைத்திருக்கிறான் என்பது பாதிக் காரணம். சட்டையைக் கழற்றினால் உடம்பில் நரம்பைத் தவிர வேறு சரக்கு இல்லை என்பது மீதி. வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

கார்களின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் கம்பெனிச் சின்னம், மாடல் எழுத்து, விற்ற கடைக்காரர் தன் பெருமைக்கு ஒட்டிவிட்ட பெயர், இதையெல்லாம் பெயிண்டில் கீறல் விழாமல் எடுப்பதுதான் அவன் வேலை. டிங்கர் வேலைக்காரர்களும் பெயிண்டர்களும் நிறைந்த பட்டறையில் இதெல்லாம் ஒரு வேலையா என்று முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர், நமக்குத் தெரியாததா என்று ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, ஒரு புது வண்டியின் டிக்கிக் கதவில் தகடு தெரியப் பெயிண்டைப் பெயர்த்து வைத்தார். அதோடு சிரிப்பு நின்றது. பிறகு யார் சின்னத்தை எடுக்க வந்தாலும் நரம்பைக் கூப்பிடு என்றார்கள்.

அவன் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடைப்பான். ஒரு மணல் துகள் தங்கினாலும் நரம்பை இழுக்கும்போது கோடு விழும். அப்புறம் ஹேர் டிரையரால் சூடு காட்டுவான். உள்ளங்கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது, அதுதான் அளவு. பசை இளகியதும் நரம்பின் இரு முனைகளையும் விரல்களில் சுற்றிக்கொண்டு, எழுத்துக்குப் பின்னால் விட்டு இப்படியும் அப்படியுமாக அறுப்பான். எழுத்து கையோடு வந்துவிடும். ஒட்டிக்கிடக்கும் பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பான். கடைசியில் பாலிஷ். எழுத்து இருந்த இடம் வெயில் படாமல், சுற்றிலும் மங்கிய நிறத்துக்கு நடுவே தனியாகத் தெரியும் அல்லவா, அந்தத் தடத்தைக்கூட விட்டுவைக்க மாட்டான். அங்கே ஏதாவது இருந்ததா என்று வண்டிக்காரருக்கே சந்தேகம் வர வேண்டும். இதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எடுத்த எழுத்துகள் குப்பைத்தொட்டிக்குப் போகும். அவற்றை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. பட்டறையில் "பத்திரமா எடு" என்றால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாமல் எடு என்று ஒரே அர்த்தம்தான். அந்த ஒரு வார்த்தைதான் அவன் காலை வாரிவிட்டது.

நரம்புக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளைக் கண்டால் பிள்ளைகள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடப்பார்கள். தம்பியிடமும் அதே முகம்தான். அவன் வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றிய காலத்தில் அவள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, பதிலுக்கு எதுவும் கேட்டதும் இல்லை. கேட்டால் தேவலை என்று அவனுக்கு இருக்கும். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு மனசுக்குள் கிடந்து குடைந்தது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், அவளுக்கு நேர் எதிர். லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், வாயைத் திறந்தால் கிண்டல். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் சத்தம் என்று இருந்தால் அது அவர் போடுகிற சத்தம்தான். கை மாறி வந்த கருநீலக் கார் ஒன்றை வாங்கினார். கொஞ்ச நாளில் பித்தளைத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, அதன் பின்பக்கம் 'வாலு' என்று எழுத்து ஒட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அது எழுத்தா? 'வ' ஒரு பக்கம் தலை சாய்ந்திருந்தது. துணைக்கால் கோபித்துக்கொண்டு தள்ளி நின்றது. 'லு' கீழே விழப்போகிற மாதிரி தொங்கியது. என்ன மாமா இது என்று நரம்பு கேட்டான். வண்டிக்கு வால்பக்கம் இதுதானே, அதான் எழுதிவைத்தேன் என்றார். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை என்று நரம்பு நினைத்துக்கொண்டான். நல்ல வண்டியை இப்படிப் பாழாக்கிவிட்டாரே என்று தொழில்காரன் வயிறு எரிந்தது. கடையில் நேர்த்தியான எழுத்து விற்கிறது, நானே ஒட்டித் தருகிறேன் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். மாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மனிதர் ஒருநாள் லேத்தை ஓடவிட்டபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வாசலில் தூசி மூடி நின்ற காரை, அவளுடைய பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அப்போதுதான் அக்கா முதல்முறையாகத் தம்பியின் பட்டறைக்கு வந்தாள். வாத்தியார் ஓட்டிவந்து விட்டுப்போன காருக்குப் பக்கத்தில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கறை படாத இடமாகப் பார்த்து நின்றாள். நரம்புக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அந்த எழுத்தைப் பத்திரமா எடுத்துடுடா" என்றாள்.

"ஒரு கீறல் விழாதுக்கா. நான் பாத்துக்கறேன்."

எதன்மேல் கீறல் விழாது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் மனதில் இருந்தது மாமா வெட்டிய பித்தளை. அவன் மனதில் இருந்தது கருநீலப் பெயிண்ட். இரண்டு பேருக்கும் திருப்தி. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கழுவினான், துடைத்தான், சூடு காட்டினான். நரம்பை விட்டு இழுத்தால் நரம்புதான் அறுந்தது. வேறு நரம்பு எடுத்தான், அதுவும் அறுந்தது. மாமா சாதாரணப் பசையால் ஒட்டவில்லை. இரும்போடு இரும்பை ஒட்டுகிற, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையைப் போட்டு ஒட்டியிருந்தார். கல்லாக இறுகிக் கிடந்தது. இப்படி ஒட்டியதில் இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும். பெரிய ஹீட் கன்னை வைத்துக் காய்ச்சினால் எழுத்து முழுசாக வந்துவிடும், ஆனால் பெயிண்ட் கொப்பளித்துப் போகும். பெயிண்ட் பிழைக்க வேண்டும் என்றால் சூட்டைக் குறைத்து, தகடு வெட்டும் கத்தரியால் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் குறடால் மடக்கி மடக்கி உரிக்க வேண்டும்.

சட்டைப்பையில் போன் இருந்தது. எழுத்தா, பெயிண்டா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருஷ வேலையில் எழுத்துக்காக யாரும் அழுது அவன் பார்த்ததில்லை என்பது ஒன்று. அக்கா வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. உண்மையைச் சொன்னால் மூன்றாவதும் உண்டு: அந்தக் கோணல் எழுத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. கத்தரியை எடுத்தபோது கை கொஞ்சம் சந்தோஷமாகவே போனது.

துணைக்கால் முதலில் போனது. 'வ' கொஞ்சம் முரண்டு பிடித்தது. 'லு'வின் வளைவுக்குள்ளே பசை கெட்டியாக இருந்ததால் அதைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உரித்தான். மிச்சப் பசையைச் சுரண்டாமல் கரைத்து எடுத்தான். தடம் மறையும்வரை பாலிஷ் போட்டான். பிறகு பித்தளைத் துண்டுகளைக் கையால் கூட்டி வாரி, தொட்டியில் கொட்டினான். டிக்கிக் கதவில் குனிந்தால் முகம் தெரிந்தது. பெயிண்டர்கூட வந்து தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் அந்தப் பட்டறையில் உச்சபட்சப் பாராட்டு.

சாயங்காலம் அக்கா வந்தாள். எழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நல்லாச் செஞ்சிருக்கே என்றாள். நரம்புக்கு உச்சி குளிர்ந்தது. அவள் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த மெல்லிய துணித்துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்துக்கொண்டு நின்றாள்.

"குடு" என்றாள்.

"எதைக்கா?"

"எழுத்தை."

அவன் தொட்டியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. எழுத்தை நறுக்காமல் பெயிண்டைக் காப்பாற்ற முடியாது என்று பசையைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தான். விற்கிற வண்டி ஆயிற்றே, பெயிண்ட் போனால் வாத்தியார் சும்மா விடுவாரா என்றான்.

"அவர் மஞ்சள் கலர் அடிக்கப்போறார்டா" என்றாள் அக்கா. "சொல்லிட்டுத்தான் வாங்கினார்."

நரம்பு அதோடு சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. வண்டிக்கு வைத்த பேர்தானே அது, விளையாட்டுக்குத்தானே வைத்தார் என்று இழுத்தான்.

"வண்டிக்கு யாருடா பேர் வெப்பாங்க? அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். யாரும் இல்லாதப்ப."

எந்தப் பிள்ளையும் இருமக்கூடப் பயப்படுகிற இந்த அக்காவை, நெற்றியில் சுருக்கம் விழாமல் அவன் பார்த்தே இராத இந்த அக்காவை ஒருவர் வாலு என்று கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குள் அப்படி ஒரு வாலுப்பெண் இருந்திருக்கிறாள். அதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர் அதை ஊருக்கே எழுதிக் காட்டி, ஊரையே ஏமாற்றியும் இருக்கிறார். அன்றைக்கு அக்கா உள்ளே ஓடியது கோபத்தில் இல்லை, வெட்கத்தில். கூடவே இருந்தும் தனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லையே என்று அவன் தன்னைத் தானே நொந்துகொண்டான்.

தொட்டியைக் குப்புறக் கவிழ்த்தான். நாள் முழுக்க விழுந்த ரப்பர் நாடாவும் பசை உருண்டைகளும் கந்தல் துணியுமாகக் கிடந்த குவியலில் மண்டியிட்டுப் பித்தளையைப் பொறுக்கினான். அக்காவும் சேலையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து பொறுக்கினாள். கிடைத்ததைத் துண்டில் பரப்பினார்கள். எது 'வ', எது 'லு' என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லாம் மடங்கி நெளிந்து கிடந்தன. அளவாவது கிடைக்குமா என்று காரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். ஒரு தடமும் இல்லை. அவன் முகம்தான் தெரிந்தது.

அதே மாதிரி வெட்டித் தருகிறேன் என்றான். சத்தியமாகத் தருகிறேன் என்றான். அக்கா துண்டின் நான்கு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"நீ வெட்டினா நேரா வந்துடும்டா. வேண்டாம்."

இப்போது அவன் யார் வந்தாலும் முதலில் கேட்கிறான்: எது பத்திரமாக இருக்க வேண்டும், எழுத்தா, பெயிண்டா? இதென்ன கேள்வி என்று சிரிக்கிறார்கள். எழுத்தை நீயே வைத்துக்கொள் என்று கிண்டல் செய்கிறார்கள். அவன் மறுபடியும் கேட்கிறான். வேலை முன்பைவிட மெதுவாகப் போகிறது. ஓவிய வாத்தியாரின் மஞ்சள் கார் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறான்.

அக்கா மாறவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. போனால் சாப்பிட்டாயா என்கிறாள். அவன் மனைவியின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்கிறாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதில்லை, ஒரு குத்தல் பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து அவன் இடிந்து உட்கார்ந்தால், உங்கள் அக்காவே மறந்துவிட்டார்கள், நீங்கள் ஏன் இன்னும் போட்டு உழப்பிக்கொள்கிறீர்கள் என்கிறாள் மனைவி. மறக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தத் துண்டின் முடிச்சு இன்னும் அவிழாமல் அலமாரியில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கையை நிறுத்திவிட்டான்.

"ஒரு தடவையாவது திட்டிடேன்க்கா. நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டிடு."

அக்கா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"திட்டினா உனக்கு ஆறிடும்டா" என்றாள். "எனக்கு?"