தந்தி சொல்லும் வரை

திக்குவாய் என்று மற்றவர்கள் பெயர் வைப்பதற்குள், கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே அவள் தனக்குத் தானே ‘தந்தி’ என்று பெயர் வைத்துக்கொண்டாள். “த-த-தட்டித் தட்டி வந்தாலும் விஷயம் வந்து சேர்ந்துடும்” என்று விளக்கமும் கொடுத்தாள். கேலி செய்யக் காத்திருந்தவர்களுக்கு அதோடு வேலை போயிற்று.

வயது இருபத்தாறு. ஐந்து வருடம் துணிக்கடையில் புடவை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தவள், காவல், சிறை, தீயணைப்பு என்று சீருடை வேலைகளுக்குத் தயார் செய்கிற இரண்டு வருடப் படிப்பில் வந்து உட்கார்ந்தாள். குறி தீயணைப்புத் துறை. தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி மூச்சு வாங்காமல் ஏறுவாள். எழுத்துத் தேர்விலும் அவள்தான் முதல். பாக்கி ஒன்றே ஒன்று. ஒன்பது பேர் அணியை மைதானத்தில் நடத்திப் போய் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்குக் கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் கிடைக்காது.

“அணி, நில்!” அவ்வளவுதான் கட்டளை. இவளுக்கோ ‘ந’ என்றாலே நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். முதல் ஒத்திகையில் அது பிரிந்து வருவதற்குள் அணி நேராகப் போய் சைக்கிள் நிறுத்தத்தில் மோதிவிட்டது. பதினோரு சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்தன.

வீட்டில் பழகிப் பார்த்தாள். அம்மா தையல் மெஷினை மிதிக்க வேண்டும், இவள் சொன்னதும் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. இவள் வாயைத் திறந்ததுமே மெஷின் நின்றது.

“அம்மா, ந-நான் இன்னும் சொ-சொல்லவே இல்லையே!”

“சொல்ல வர்றேன்னு தெரிஞ்சுதே, கண்ணு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து இதே கதை. பஸ்ஸில் இறங்குமிடத்தைக் கண்டக்டர் முடித்துவைப்பார். கடையில் விலையை வாடிக்கையாளர் முடித்துவைப்பார். சண்டை போட்டால், தம்பி தன்னைத் திட்டவேண்டியதையும் தானே திட்டி முடித்துவைப்பான். எல்லாம் அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாக்கியமாவது முழுசாகத் தன்னுடையதாக இருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகையே வந்தது.

தேர்வுக்கு முந்தின நாள், அணியின் முன்வரிசைக்காரன் நெட்டை ரகசியமாக வந்தான்.

“அக்கா, நீங்க சும்மா வாயை அசைங்க. கோடு வந்ததும் நாங்களே நின்னுக்கிறோம். யாருக்கும் தெரியாது.”

“பு-புகைக்குள்ள போனா கோடு தெரியுமாடா உனக்கு? ந-நான் சொல்லாம எவனாவது நி-நின்னீங்க, அப்புறம் என் மூ-மூஞ்சியிலயே முழிக்காதீங்க.”

“மைதானத்து வேலியே வந்தாலுமா?”

“வே-வேலியே வந்தாலும்.”

மறுநாள் தேர்வு நடத்த வந்தவர் தீயணைப்பு நிலைய அதிகாரி. கையில் மதிப்பெண் தாளோடு மைதான ஓரத்தில் நின்றார். காலையில் பெய்த மழையில் கோட்டுக்கு அப்பால் பெரிய குட்டை தேங்கியிருந்தது.

அணி கிளம்பியது. கோடு நெருங்கியது. “அணி” வந்துவிட்டது. “ந்” ஒட்டிக்கொண்டது. ஒன்பது ஜோடி பூட்ஸும் கோட்டைத் தாண்டின, சேற்றை மிதித்தன, கணுக்கால் தண்ணீரில் இறங்கின. யாரும் தயங்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“நில்!”

ஒன்பது பேரும் ஒரே சத்தமாக நின்றார்கள். தண்ணீர் முழங்கால் வரை தெறித்தது.

அதிகாரி நெட்டையிடம் போனார். “கோடு கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது மேடம். ஆனா அவங்க இன்னும் சொல்லலை.”

அதிகாரி வெகுநேரம் எதையோ எழுதினார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

“கோட்டுக்கு மார்க் கிடையாது. அணி உன் சொல்லுக்குக் கட்டுப்படுதான்னு ஒரு கட்டம் இருக்கு, அதுக்கு முழு மார்க். கூட்டிப் பார்த்துட்டேன், பாஸ். போய் அவங்களைத் தண்ணியிலேருந்து வெளிய கொண்டு வா.”

அவள் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தாள். முதல் எழுத்து மறுபடியும் சிக்கிக்கொண்டது.

ஒருத்தர்கூட அசையவில்லை.