கமால் பாய் உடைத்த அரக்கு

கமால் பாய் போய்விட்டார். இன்று காலை, மலை மேல் தானா ராத்தா டவுனில், தூக்கத்திலேயே... அவர் மகள் ஃபோன் செய்து சொன்னாள்.

நம் எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் "அமைதியான மனிதர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர்" என்று ஒருவர் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

யார் சொன்னது? அந்த மனிதரின் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. எண்பது தாண்டிய விரலால் இதைத் தட்டுவதே அதற்காகத்தான்.

இந்த மலாய் நாட்டில் எமெர்ஜென்சி காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் வெள்ளைக்கார சர்க்காரின் போலீஸ், நடுவில் நாங்கள்.

எஸ்டேட் ஆபீஸ் தபாலை தானா ராத்தாவுக்குக் கொண்டுபோவது என் வேலை. வண்டி, துரை ஓட்டிக் கழித்துப்போட்ட பழைய மோட்டார் சைக்கிள்.

பாய்க்கு டவுனில் மளிகைக் கடை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சாமான் எதுவும் காட்டுக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது... பால் டின்னோ மீன் டின்னோ, கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். பதுக்கி வைத்தால் கெட்டுவிடும் அல்லவா, அதற்காக.

பாய் ஒவ்வொரு டின்னிலும் ஆணியை வைத்து சுத்தியலால் அடிப்பார். அடிக்கு ஒரு திட்டு.

"பச்சப் புள்ள குடிக்கிற பாலு. இதையும் கெட்டுப்போக வெச்சாத்தான் இவனுங்களுக்குத் தூக்கம் வரும் போல லா."

போலீஸ்காரர் பக்கத்தில் நின்றாலும் அந்தக் குரல் இறங்காது.

பெட்ரோலுக்கும் அதே பயம்தான். டேங்கை நிரப்பியதும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மூடியின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்த வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். நான் வழியில் பெட்ரோலை இறக்கிக் காட்டுக்குக் கொடுத்துவிடுவேனாம்.

அப்போது பிடித்ததுதான் அந்த வியாதி. நன்றாகக் கிளம்பும், நன்றாக ஓடும்... பாதி வழியில் மூங்கில் வளைவு வந்ததும் இருமிவிட்டுச் செத்துவிடும். கொஞ்ச நேரம் நின்றால் தானாகவே உயிர் வரும்.

ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வந்து சேரவில்லை என்று புரிந்தது, ஏன் என்றுதான் புரியவில்லை.

கார்புரேட்டரைக் கழுவினேன். ஜெட்டை ஊதினேன், பைப்பை ஊதினேன், ஃபில்டரைத் துலக்கினேன். எஸ்டேட் ஷெட்டில் ராஜா மாதிரி ஓடும், அரக்கு வைத்து ரோட்டுக்கு வந்தால் அதே வளைவில் அதே சாவு.

அந்த வளைவு காட்டை ஒட்டியது. நான் நிற்பதை ரோந்து போலீஸ் மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, காட்டுக்காரர்களுக்கு ஏதோ கொடுக்கத்தான் நிற்கிறான் என்று முடிவு கட்டிவிட்டது.

இன்னொரு தடவை நின்றால் லாக்கப், பிறகு நாடு கடத்தி நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்றார் ரோந்து சார்ஜன். நான் பிறந்ததே இந்த மலையில். அங்கே எனக்கு யாரைத் தெரியும்?

மறுபடி நின்றது. சார்ஜன் காத்திருந்தார்.

வண்டிக்கு உயிர் வந்ததும் துப்பாக்கியோடு பின்னால் ஏறி உட்கார்ந்து, ஸ்டேஷனுக்கு விடு என்றார். டவுனுக்குள் நுழைந்து, சரியாக பாயின் கடை வாசலில் மறுபடி செத்தது.

நடிக்கிறாயா என்று துப்பாக்கியால் முதுகில் குத்தினார். உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய் ஒரு கையில் பால் டின், ஒரு கையில் ஆணியும் சுத்தியலுமாக வெளியே வந்தார்.

"டேங்குல எண்ணெய் இருக்கா தம்பி?"

"நெறய இருக்கு பாய். கீழ எறங்க மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"கிராணி அரக்கு வெச்சதுலேர்ந்து."

பாய் மூடியைப் பார்த்தார். பிறகு சட்டப்படி ஓர் ஓட்டை போட்ட அந்த டின்னைக் கவிழ்த்துப் பிடித்தார்... பால் வரவில்லை. எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டார், கம்பியாக இறங்கியது.

"மூடில காத்துப் போற ஓட்ட ஒன்னு இருக்கும்ல. உங்க கிராணி அதையும் சேத்து அடச்சிருக்கான் லா."

முத்திரையை உடைத்தால் ஜெயில். அது ஊருக்கே தெரியும்.

"வேணாம் பாய்" என்றேன். அதற்குள் ஆணியை வைத்து அடித்துவிட்டார்.

அரக்கு சிதறியது. டேங்க் உஸ்ஸென்று காற்றை இழுத்ததை சார்ஜனும் கேட்டார். சற்றுப் பொறுத்து ஒரே உதை... கிளம்பிவிட்டது.

யாரைக் கேட்டு உடைத்தாய் என்று சார்ஜன் கத்தினார். பாய் மலாய் மொழியில் பதில் சொன்னார், எனக்கு இன்னும் மனப்பாடம்; தமிழில் இப்படி வரும்.

"டின்னக் கண்டா ஓட்ட போடுன்னு சர்க்கார்தான சொல்லுச்சு. இதுவும் டின்னுதான், துவான்."

அறை விழுந்தது, உதடு கிழிந்தது. என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முதல் கிராணி அந்த ஓட்டையை விட்டுவிட்டு அரக்கு வைத்தார். நான் அந்த வளைவில் அப்புறம் நின்றதில்லை, கப்பலும் ஏறவில்லை.

பாயை வெளியே விட்டார்கள், ஆனால் கடை லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அவர் சொல்லவில்லை, கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

"எனக்காகச் சொல்லிடுங்க பாய்" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஒனக்காக ஒன்னும் ஒடைக்கல தம்பி. அந்த அரக்கப் பாத்தாலே கை அரிச்சுது."

அமைதியான மனிதராம்... அந்தப் பதிவை முதலில் எடுங்கள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் இப்போது கீழே ஈப்போவில் மகன் வீட்டில்; இந்த உடம்போடு மலை ஏறக் கூடாது என்கிறான், டாக்டரும் அதையேதான் சொல்கிறார். டாக்சிக்குச் சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் இருங்கள் பாய், வந்துகொண்டிருக்கிறேன்... வழியில் எங்கும் நிற்க மாட்டேன்.